தோட்டமும் ஒதுக்கமும்: பழைய ஆங்கிலக் கவிதையில் நாட்டுப்புற வாழ்வு

பழைய ஆங்கிலக் கவிதையில் தோட்டமும் நாட்டுப்புற ஒதுக்கமும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. அரசவை, நகரம், வழக்கு, வியாபாரம், சண்டை எல்லாவற்றையும் விட்டு விலகி, சின்ன வீடு, நாலு மரம், ஓர் ஓடை, சில புத்தகங்கள், மனமொத்த ஒரு நண்பர் என்று வாழ்வதைப் புகழும் கவிதைகள் 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 18-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை இங்கிலாந்தில் விடாமல் எழுதப்பட்டன. பெரிய கவிஞர்களில் இந்தப் பொருளைத் தொடாதவர் குறைவு. சிறிய கவிஞர்கள் இதையே திரும்பத் திரும்பப் பாடினார்கள்.

இவற்றை வரிசையாகப் படித்தால் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். தோட்டத்துக்குப் போனவர்களில் பலர் தாமாக விரும்பிப் போனவர்கள் அல்லர். அரசவையிலிருந்து துரத்தப்பட்டவர், போரில் தோற்ற பக்கத்தைச் சேர்ந்தவர், பதவியைத் துறந்த தளபதியை அண்டி இருந்தவர், மதத்தின் காரணமாக நகருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர், மனநோயால் உடைந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அடுத்தது, அந்தத் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர் யார் என்ற கேள்வி. பல கவிதைகள் அதற்கு வாய் திறப்பதே இல்லை. இந்த இரண்டையும் மறைக்காத கவிதைகள்தான் இன்றும் உயிரோடு இருக்கின்றன. மற்றவை அழகாக இருந்தாலும் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தோன்றுகின்றன.

இந்த மரபுக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று விவிலியத்தின் ஏதேன் தோட்டமும் உன்னதப்பாட்டில் வரும் அடைக்கப்பட்ட தோட்டமும். இடைக்காலக் கவிஞர்கள் இதிலிருந்து மதில் சூழ்ந்த தோட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். ஜெஃப்ரி சாசரின் கேன்டர்பரி கதைகளில் வணிகன் சொல்லும் கதையில், கிழவனான ஜனவரி தன் இளம் மனைவி மே-க்காக மதில் கட்டிய தோட்டம் ஒன்றை அமைத்துச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறான். மெழுகில் சாவியின் அச்செடுத்துக் காதலனுக்குக் கொடுத்துவிடுகிறாள் அவள். 1406 முதல் 1424 வரை ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டிருந்த ஸ்காட்லாந்து அரசன் முதலாம் ஜேம்ஸ் எழுதியதாகக் கருதப்படும் 'கிங்கிஸ் குவேர்' என்ற கவிதையிலோ, கோபுர ஜன்னல் வழியே கீழே தோட்டத்தில் நடக்கும் பெண்ணைக் கைதி பார்க்கிறான். இங்கே தோட்டம் காதலுக்கான இடம். ஓய்வுக்கான இடமாக அது இன்னும் மாறவில்லை.

அந்த மாற்றம் இரண்டாவது ஊற்றான ரோமிலிருந்து வந்தது. புரவலர் மாசினாஸ் கொடுத்த சபைன் பண்ணையில் வாழ்ந்த ஹொரேஸ், வேளாண் வாழ்வைப் பாடிய வெர்ஜில், நிறைவான வாழ்வுக்கு என்னென்ன வேண்டும் என்று கணக்குப் போட்ட மார்ஷல் ஆகிய மூவரையும் ஆங்கிலக் கவிஞர்கள் பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருந்தார்கள். ஹொரேஸின் 'இரண்டாம் எப்போடு' என்ற கவிதை நகரத் தொல்லை இல்லாமல் பூர்விக நிலத்தை உழுபவனே பாக்கியவான் என்று நீளமாகப் புகழ்கிறது. கடைசி நாலு வரியில்தான் பேசுவது யார் என்று தெரிகிறது. பேசுகிறவன் ஆல்ஃபியஸ் என்ற வட்டிக்காரன். கிராமத்துக்குப் போகப்போகிறேன் என்று மாத நடுவில் கடனையெல்லாம் வசூலித்தவன், அடுத்த மாதம் பிறப்பதற்குள் பணத்தை மறுபடி வட்டிக்கு விட வழி தேடுகிறான். ஹொரேஸைப் பின்பற்றிய ஆங்கிலக் கவிஞர்கள் பலர் அந்த நாலு வரியை விட்டுவிட்டார்கள். பாக்கியவானை மட்டும் எடுத்துக்கொண்டு வட்டிக்காரனை வெளியே நிறுத்திவிட்டார்கள். இந்த மரபின் பலவீனம் அங்கிருந்தே தொடங்குகிறது.

ஆங்கிலத்தில் இதை முதலில் வலுவாகச் செய்தவர் சர் தாமஸ் வயட். எட்டாம் ஹென்றியின் தூதராக இருந்தவர், 1536இல் அரசி ஆன் போலின் வீழ்ந்தபோது லண்டன் கோபுரத்தில் அடைக்கப்பட்டு, பிறகு விடுதலையாகி, கென்ட் பகுதியில் தந்தையின் அலிங்டன் கோட்டைக்கு அனுப்பப்பட்டார். நண்பர் ஜான் பாயின்ஸுக்கு அவர் எழுதிய கவிதைக் கடிதம், நாடு கடத்தப்பட்ட ஃபுளோரன்ஸ் கவிஞர் லூயிஜி அலமான்னியின் அங்கதத்தைத் தழுவியது. அரசவையில் பிழைக்க வேண்டுமானால் எப்படியெல்லாம் பொய் சொல்லவேண்டும், யாரையெல்லாம் புகழவேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போய், அது தன்னால் ஆகாது என்கிறார். ஊரில் வேட்டைக்குப் போகலாம், மழை பெய்தால் உட்கார்ந்து படிக்கலாம். ஆனால் காலில் இன்னும் ஒரு கட்டை தொங்குகிறது என்பதையும் அவர் மறைக்கவில்லை. சுதந்திரத்தைப் பாடும் கவிதைக்குள் கண்காணிப்பில் இருக்கும் மனிதன் தெரிகிறான். வயட்டின் சீடரைப் போன்ற சர்ரே பிரபு மார்ஷலின் நிறைவாழ்வுக் கவிதையை மொழிபெயர்த்தார். 1547இல் அவர் தலை வெட்டப்பட்டது. இருவரின் கவிதைகளும் 1557இல் ரிச்சர்ட் டாட்டல் வெளியிட்ட தொகைநூலில் அச்சாகி எல்லோர் கைக்கும் வந்தன.

அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மாளிகைக் கவிதை என்ற வகை பிறந்தது. ஒரு பிரபுவின் நாட்டுப்புற வீட்டையும் நிலத்தையும் விருந்தோம்பலையும் புகழும் கவிதை இது. இதை ஒரு தனி வகையாக வரையறுத்து ஜி. ஆர். ஹிபர்ட் 1956இல் எழுதிய கட்டுரை பென் ஜான்சனிடமிருந்து தொடங்குகிறது. அச்சில் முதலில் வந்ததோ ஒரு பெண் எழுதியது. வெனிஸிலிருந்து வந்த அரசவை இசைக்கலைஞர் குடும்பத்தில் பிறந்த எமிலியா லேன்யர், 1611இல் வெளியிட்ட தன் நூலின் இறுதியில் பெர்க்‌ஷயரில் உள்ள குக்கம் மாளிகையைப் பற்றிய கவிதையைச் சேர்த்திருந்தார். கம்பர்லண்ட் சீமாட்டி மார்கரெட் கிளிஃபர்டும் மகள் ஆனும் சிலகாலம் தங்கிய இடம் அது. வீடு அவர்களுக்குச் சொந்தமில்லை. அவர்கள் அதை விட்டுப் போகிறார்கள், கவிதை அந்தப் பிரிவைத்தான் பாடுகிறது.

சீமாட்டி அமர்ந்து படித்த ஓக் மரம் ஒன்று அங்கே நிற்கிறது. கிளம்பும்போது அவள் அந்த மரத்துக்கு முத்தம் கொடுத்து விடைபெறுகிறாள். அருகில் நிற்கும் கவிஞர், அந்த முத்தத்தை மரத்திடமிருந்து தான் திருடிக்கொள்கிறார். அந்தஸ்தில் தாழ்ந்தவள் சீமாட்டியை நேராக நெருங்க முடியாது, மரம் வழியாகத்தான் முடியும். அவர்கள் போனதும் இலை உதிர்கிறது, பூ வாடுகிறது, பறவை பாட்டை நிறுத்துகிறது. தோட்டம் துக்கம் காப்பதாகச் சொல்வது பழைய உத்திதான். என்றாலும் பிறர் வீட்டில் விருந்தாளியாக இருந்து, அந்த வீடும் கைவிட்டுப் போகும் ஒருத்தியின் வருத்தம் இங்கே உண்மையாகவே கேட்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் யாரும் கவனிக்காமல் கிடந்த இந்தக் கவிதையை மாளிகைக் கவிதைகளில் முதலிடத்தில் வைப்பதே நியாயம்.

பென் ஜான்சனின் 'பென்ஷர்ஸ்ட்டுக்கு' 1616இல் அச்சானது. 1612 நவம்பரில் இறந்த இளவரசர் ஹென்றியை உயிரோடு இருப்பவராகச் சொல்வதால், எழுதியது அதற்கு முன்பே இருக்கவேண்டும். பென்ஷர்ஸ்ட் கென்ட் பகுதியில் சிட்னி குடும்பத்தின் வீடு. கவிஞர் பிலிப் சிட்னி 1554இல் பிறந்த இடம். பகட்டுக்காகக் கட்டிய வீடு அல்ல இது, யார் வயிற்றிலும் அடித்து எழுப்பிய மதில் அல்ல என்று ஜான்சன் தொடங்குகிறார். குளத்து மீன் தானாக வலைக்குள் ஓடி வருகிறது. கௌதாரி தட்டில் ஏறக் காத்திருக்கிறது. குடியானவர்கள் கோழியும் ஆப்பிளும் கொட்டையும் கையில் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். பிரபு சாப்பிடும் அதே ரொட்டியும் அதே மதுவும் கவிஞனுக்கும் கிடைக்கின்றன, எத்தனை கோப்பை குடித்தான் என்று எண்ணுவதற்கு ஆள் இல்லை. செங்கல் அடுக்கும் கொத்து வேலை பார்த்தவர் ஜான்சன். பிற வீடுகளின் பந்தியில் கடைசி இடத்தில் உட்கார்ந்து பழகிய வயிறு இது என்பது அந்த இடத்தில் புரிந்துவிடுகிறது.

இந்தக் கவிதையின் மீது வைக்கப்பட்ட கடுமையான விமர்சனம் ரேமண்ட் வில்லியம்ஸுடையது. 1973இல் வந்த 'கிராமமும் நகரமும்' என்ற நூலில், மீன் தானாக வலைக்கு வந்தால் மீன் பிடிப்பவனுக்குக் கவிதையில் இடம் இல்லாமல் போகிறது என்று அவர் காட்டினார். உழுதவன், அறுத்தவன், சமைத்தவள் எல்லோரும் ஒரு வரியில் மறைந்துவிடுகிறார்கள். விமர்சனம் சரியே. ஜான்சன் பாடிய காலத்தில் வீட்டின் உரிமையாளர் ராபர்ட் சிட்னி கடனில் மூழ்கியிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அப்படிப் பார்த்தால், இப்படித்தான் இருக்கிறது என்று சொல்வதைவிட இப்படி இருங்கள் என்று பிரபுவுக்குச் சொல்லும் அறிவுரையாகவே கவிதை அமைகிறது. ஜான்சனைத் தொடர்ந்து தாமஸ் கேரூ, ராபர்ட் ஹெரிக் ஆகியோரும் இந்த வகையில் எழுதினார்கள். கேரூ பறவைகளையும் மாட்டையும் சமையலறைக்கே நடந்து வரவைத்தார். நகல் எடுப்பவர் மிகைப்படுத்துவது இயல்பு.

1642இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் ஒதுக்கத்தின் பொருளையே மாற்றியது. அரசன் பக்கம் நின்று தோற்றவர்களுக்குக் கிராமம் மறைவிடமாயிற்று. ஹெரிக் டெவன் பகுதியில் தன் தேவாலயப் பணியிலிருந்து 1647இல் நீக்கப்பட்டார், அடுத்த ஆண்டே தன் பெரிய தொகுப்பை அச்சிட்டார். ரிச்சர்ட் லவ்லேஸ் வெட்டுக்கிளியைப் பாடுவதுபோல, கோடை முடிந்து குளிரில் சிக்கிய அரசபக்தர்களைப் பாடினார். ஐசக் வால்டனின் தூண்டில் நூல் 1653இல் வந்ததும் இந்தச் சூழலில்தான். ஆற்றங்கரையில் மீன் பிடிப்பதும் அன்றைக்கு ஒருவகை அரசியல் மௌனம்.

இந்தக் காலத்தின் பெரும் கவிஞர் வெற்றி பெற்ற பக்கத்திலிருந்து வந்தார். நாடாளுமன்றப் படையின் தலைமைத் தளபதி தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ், ஸ்காட்லாந்து மீது படையெடுக்க மறுத்து 1650 ஜூனில் பதவி விலகி, யார்க்‌ஷயரில் நன் ஆப்பிள்டன் என்ற தன் நிலத்துக்குத் திரும்பினார். அவருடைய மகள் மேரிக்கு ஆசிரியராக அங்கே சென்றவர் ஆண்ட்ரூ மார்வெல். எட்டெட்டு வரிகளாக 97 செய்யுள் கொண்ட 'ஆப்பிள்டன் மாளிகையைக் குறித்து' அங்கே பிறந்தது. தளபதியின் பூந்தோட்டம் ஐந்து கொத்தளமுள்ள கோட்டை வடிவில் அமைந்திருக்கிறது. பூக்கள் காலையில் வரிசையில் நின்று வாசனையால் அவருக்குத் துப்பாக்கி மரியாதை செய்கின்றன. போரை விட்டு வந்தவரின் தோட்டத்துக்குள்ளும் போர் நுழைந்துவிட்டது.

கவிதையின் நடுவில் புல்லறுப்பு வருகிறது. ஆட்கள் வரிசையாக நின்று நீண்ட பிடியுள்ள அரிவாளை வீசிப் புல்லை அறுத்துக்கொண்டே போகிறார்கள். புல்லுக்குள் கூடு கட்டியிருந்த ஒரு பறவை அரிவாளில் சிக்கி வெட்டுப்படுகிறது. அரிவாளை வெளியே இழுத்தவன் அதில் இரத்தத்தைப் பார்த்துத் திகைக்கிறான். தனக்கே வரப்போகும் சாவைப் போல அது அவனுக்குப் படுகிறது. பின்னால் வருகிற பெண் அந்தப் பறவையைச் சமையலுக்கு எடுத்துக்கொள்கிறாள். அரசனின் தலை வெட்டப்பட்டுச் சில ஆண்டுகளே ஆன நாட்டில், தாழ்வான இடத்தில் கூடு கட்டினாலும் அரிவாளுக்குத் தப்ப முடியாது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் இல்லை. ஒதுங்கினால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற மரபின் நம்பிக்கையே இந்தக் காட்சியில் ஆட்டம் காண்கிறது.

மார்வெலின் 'தோட்டம்' என்ற சிறிய கவிதை இன்னொரு திசையில் போகிறது. 72 வரிதான். புகழுக்காகவும் காதலுக்காகவும் அலைபவர்கள் ஓர் இலைக்காகத்தான் அலைகிறார்கள், தோட்டத்திலோ எல்லா இலையும் சேர்ந்தே கிடைக்கின்றன என்று வேடிக்கையாகத் தொடங்குகிறது. ஆப்பிள் தலைமேல் விழுகிறது, திராட்சை வாயில் பிழிகிறது, முலாம்பழம் காலில் தடுக்குகிறது. பிறகு உடல் அடங்க, மனம் தனக்குள் ஒடுங்கி, வெளியே உள்ள உலகத்தையெல்லாம் கரைத்துப் பசுமையாக்கிவிடுகிறது. முடிவில் பூக்களால் அமைத்த நிழற்கடிகாரமும் அதில் நேரம் பார்த்து வேலை செய்யும் தேனீயும் வருகின்றன. தோட்டத்துக்குள்ளும் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்காமல் முடிகிறது கவிதை. இது 1650களில் எழுதப்பட்டதா, அரசாட்சி திரும்பிய பிறகு எழுதப்பட்டதா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. மார்வெல் இறந்து மூன்று ஆண்டு கழித்து 1681இல்தான் அவருடைய கவிதைகள் நூலாயின. புல்லறுப்பவன் வாயிலாக அவர் எழுதிய நான்கு கவிதைகளில் ஒன்று தோட்டங்களுக்கு எதிராகவே பேசுகிறது. ஒட்டுக்கட்டி மரத்தின் சாதியைக் கலக்கிறார்கள், ஒரு ட்யூலிப் கிழங்குக்கு ஒரு வயலின் விலையைக் கொடுக்கிறார்கள் என்று அவன் குற்றம் சாட்டுகிறான். தோட்டத்தைப் பாடிய கவிஞரே தோட்டத்தின் மீது வழக்கும் தொடுத்தார் என்பது மார்வெலின் நேர்மை.

ஒதுக்கத்தைக் கொள்கையாகவே வைத்து வாழ முயன்றவர் ஏப்ரஹாம் கௌலி. பாரிஸில் அகதியாக இருந்த ராணி ஹென்ரியெட்டா மரியாவின் ரகசியக் கடிதங்களைக் குறியீட்டில் எழுதிப் பல ஆண்டு உழைத்தவர். 1660இல் அரசாட்சி திரும்பியபோது எதிர்பார்த்த பதவி கிடைக்கவில்லை. 1663இல் பார்ன் எல்ம்ஸுக்கும், 1665இல் செர்ட்சிக்கும் குடிபெயர்ந்தார். செடிகளைப் பற்றி லத்தீனில் ஆறு புத்தகமுள்ள ஒரு காவியமும், இறந்த அடுத்த ஆண்டு வெளியான கட்டுரைகளும் அவருடைய பிற்கால எழுத்துகள். சிறிய வீடும் பெரிய தோட்டமும் வேண்டும் என்பதே வாழ்நாள் ஆசை என்று நண்பர் ஜான் ஈவ்லினுக்கு எழுதிய 'தோட்டம்' அவற்றில் ஒன்று. ஈவ்லினும் சளைத்தவர் அல்லர். டெட்ஃபர்டில் பேர்போன தோட்டம் வைத்திருந்தவர், மரங்களைப் பற்றி 1664இல் பெருநூல் எழுதியவர், தன் தோட்டப் பஞ்சாங்கத்தின் 1666ஆம் ஆண்டுப் பதிப்பைக் கௌலிக்குக் காணிக்கையாக்கினார்.

கவிதையில் வந்த கிராமம் வேறு, செர்ட்சி வேறு. 1665 மே மாதத்தில் கௌலி எழுதிய ஒரு கடிதத்தைச் சாமுவேல் ஜான்சன் தன் கவிஞர் வரலாற்றில் எடுத்துக் காட்டுகிறார். வந்த முதல் இரவே சளி பிடித்துப் படுத்துவிட்டார். பிறகு கீழே விழுந்து விலா எலும்பில் அடி. குத்தகைக்காரரிடமிருந்து காசு பெயரவில்லை. அக்கம்பக்கத்தார் ராத்திரியில் மாட்டை ஓட்டிவிட்டு அவருடைய புல்வெளியை மேய்த்துவிடுகிறார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் புல்வெளியில் வேலையாட்களோடு நெடுநேரம் நின்றதில் சளி பிடித்து, 1667 ஜூலையில் 49 வயதில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் சாசருக்கும் ஸ்பென்சருக்கும் அருகில் அடக்கம் நடந்தது. ஈவ்லின் ஊர்வலத்தில் போனார். கௌலியின் கவிதைகளைவிட அந்தக் கடிதம் கிராமத்தை நன்றாகக் காட்டுகிறது.

கௌலி இறந்த 1667இல்தான் ஜான் மில்டனின் 'இழந்த சொர்க்கம்' வெளிவந்தது. அதன் நாலாம் காண்டத்து ஏதேன், கத்தரித்த பாத்திகள் இல்லாத, காடு போல வளரும் தோட்டம். பிற்காலத்து இயற்கைப்பாணித் தோட்டக்கலையை மில்டன் முன்கூட்டியே கண்டார் என்று ஹொரேஸ் வால்போல் பாராட்டினார். ஒன்பதாம் காண்டத்தில் வருவது அதைவிட முக்கியம். எவ்வளவு கத்தரித்தாலும் செடிகள் மறுநாளே வளர்ந்துவிடுகின்றன, இருவரும் பிரிந்து வேலை செய்யலாம் என்று ஏவாள் யோசனை சொல்கிறாள். அந்தப் பிரிவில்தான் பாம்பு வருகிறது. சொர்க்கத்திலும் தோட்டவேலை இருக்கிறது, அந்த வேலையிலிருந்தே கதையின் திருப்பம் பிறக்கிறது. வேலையை மறைத்த மாளிகைக் கவிஞர்கள் யாரும் எட்டாத இடம் இது.

1688 புரட்சியில் அரசர் மாறிய பிறகு மறுபடி ஒரு தோற்ற கூட்டம் கிராமத்துக்குப் போனது. அதில் ஒருவர் ஆன் ஃபின்ச். கணவர் புதிய அரசர் வில்லியமுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்ததால் அரசவை வாழ்வு முடிந்தது. கென்ட்டில் ஈஸ்ட்வெல் என்ற குடும்ப நிலத்தில் தங்கினார்கள். முற்றிலும் ஒதுங்கிய இடம் ஒன்றை வேண்டும் அவருடைய நீண்ட கவிதையில் வெட்டியான செய்தி, ஆடம்பர உடை, அழையா விருந்தாளி எதுவும் வரக்கூடாது. ஆனால் நண்பர்கள் வேண்டும். 1713இல் வெளியான அவருடைய இரவுக் கவிதை மேலும் சிறந்தது. இருட்டில் அவிழ்த்துவிட்ட குதிரை மெதுவாகப் பக்கத்தில் வருகிறது. புல் பிடுங்கி மெல்லும் சத்தம் கேட்ட பிறகுதான் பயம் தெளிகிறது. ஒரு நூற்றாண்டு கழித்து வேர்ட்ஸ்வொர்த் இந்தக் கவிதையைத் தனித்துப் பாராட்டினார். ஜான் பாம்ஃப்ரெட் 1700இல் எழுதிய 'தெரிவு' அளவான வருமானம், நல்ல தோட்டம், நூலகம், இரண்டு நண்பர் என்று பட்டியல் போட்டு அந்தக் காலத்தில் அபாரமாக விற்றது. இன்று அதைப் படிப்பவர் அரிது.

அலெக்சாண்டர் போப் கத்தோலிக்கர். அன்றைய சட்டப்படி கத்தோலிக்கர் நிலம் வாங்க முடியாது, லண்டனைச் சுற்றிப் பத்து மைலுக்குள் குடியிருக்கவும் தடை இருந்தது. 1719இல் டுவிக்கனத்தில் தேம்ஸ் கரை வீட்டையும் சாலைக்கு அந்தப் பக்கம் சுமார் ஐந்து ஏக்கர் நிலத்தையும் குத்தகைக்கு எடுத்தார். ஆற்றங்கரையையும் தோட்டத்தையும் இணைக்கச் சாலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, அதைக் குகை மண்டபமாக்கினார். சிப்பி, கண்ணாடித் துண்டு, பின்னாளில் கார்ன்வாலிலிருந்து வந்த கனிமக் கற்கள் எல்லாம் சுவரில் பதிந்தன. கதவை மூடினால் ஆறும் படகுகளும் இருட்டுச் சுவரில் படமாக ஓடும் என்று 1725இல் ஒரு நண்பருக்கு எழுதினார். சுகவீனத்தால் கூன் விழுந்த, நாலரை அடி உயர மனிதர் தனக்கென்று கட்டிக்கொண்ட உலகம் அது.

தோட்டக்கலையின் போக்கையும் போப் மாற்றினார். யூ மரத்தில் ஆதாம் ஏவாள், பாக்ஸ் செடியில் புனித ஜார்ஜ் என்று செடிகளைப் பொம்மையாகக் கத்தரிக்கும் வழக்கத்தை 1713இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் கேலி செய்தார். 1731இல் பர்லிங்டன் பிரபுவுக்கு எழுதிய கவிதைக் கடிதத்தில், இடத்துக்கு என்ன இயல்போ அதைக் கேட்டுத் தோட்டம் அமைக்கவேண்டும் என்ற விதியைச் சொன்னார். அதே கவிதையில் பணத்தைக் கொட்டி ரசனையில்லாமல் மாளிகை கட்டிய டைமன் என்பவனை வரைந்து, ஒருநாள் அவனுடைய பூம்பாத்திகளின் மேல் தானியம் விளையும் என்றார். அது சாண்டோஸ் பிரபுவின் கேனன்ஸ் மாளிகை என்று ஊர் பேசியது, போப் மறுத்தார். 1747இல் கேனன்ஸ் இடித்து விற்கப்பட்டது. போப்பின் வீடும் நிலைக்கவில்லை. கவிஞர் வாழ்ந்த இடம் பார்க்க வந்த கூட்டத்தால் சலித்த பிற்கால உரிமையாளர் 1808 வாக்கில் அதை இடித்தார். குகை மட்டும் இன்றும் இருக்கிறது.

வெர்ஜிலின் வேளாண் காவியத்தைப் பின்பற்றி, தொழிலைக் கற்றுக்கொடுக்கும் கவிதைகளும் எழுந்தன. ஜான் பிலிப்ஸின் 'சைடர்' ஆப்பிள் மரம் வளர்த்து மது எடுப்பதை 1708இல் பாடியது. உரைநடை நூல்கள் பலவற்றில் இவ்வளவு உண்மை இல்லை என்று செல்சி தோட்டத்தின் புகழ்பெற்ற தோட்டக்காரர் பிலிப் மில்லர் சொன்னதாகச் சாமுவேல் ஜான்சன் எழுதுகிறார். 1764இல் ஜேம்ஸ் கிரேஞ்சர் செயின்ட் கிட்ஸ் தீவிலிருந்து எழுதிய 'கரும்பு', எரு போடுவது, எலி பிடிப்பது என்று சொல்லிக்கொண்டே வந்து, நாலாம் புத்தகத்தில் அடிமைகளை எப்படி வைத்துக்கொள்வது என்று கற்பிக்கிறது. தோட்டக் கவிதையின் மிக இருண்ட பக்கம் அது.

உழைப்பவர்களே பேனா எடுத்தபோது படம் மாறியது. வில்ட்‌ஷயரில் கதிரடிக்கும் கூலியான ஸ்டீபன் டக், 1730இல் வெளிவந்த கவிதையில் நாள் முழுவதும் களத்தில் அடித்து, தூசியில் முகம் கறுத்து, மாலையில் எஜமானிடம் வசவு வாங்குவதைச் சொன்னார். கரோலின் ராணி அவருக்கு ஓய்வூதியமும் வீடும் தந்து, ரிச்மண்ட் தோட்டத்தில் மெர்லின் குகை என்று கட்டியிருந்த ஓய்வு மண்டபத்தின் பொறுப்பையும் கொடுத்தார். 1756இல் டக் நீரில் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய கவிதை வயலில் பெண்கள் வாயடிப்பதாகச் சொன்னதற்கு, சலவைத் தொழிலாளி மேரி காலியர் 1739இல் பதில் எழுதினார். வயல் வேலை முடிந்து வீடு வந்தால் ஆண் உட்காருகிறான், பெண்ணுக்கு அங்கே இரண்டாவது வேலை தொடங்குகிறது என்று அவர் ஒவ்வொன்றாகக் கணக்குக் காட்டுகிறார்.

தோட்டக்காரரின் மகளும் சமையலறைப் பணிப்பெண்ணுமான மேரி லீப்பர் 24 வயதில் தட்டம்மையால் இறந்தார். 1751இல் வெளிவந்த 'கிரம்பிள் ஹால்' மாளிகைக் கவிதையைச் சமையல்கட்டிலிருந்து திருப்பி எழுதுகிறது. விருந்தாளி பார்க்காத பரணும் பின்கட்டும் இதில் தெரிகின்றன. இறுதியில் புதிய பாணித் தோட்டத்துக்காகப் பழைய தோப்பு வெட்டப்படுகிறது. பென்ஷர்ஸ்ட்டில் பென் ஜான்சன் விட்ட இடத்தை லீப்பர் நிரப்பினார்.

அந்தப் புதிய பாணியின் முக்கியமான உத்தி பள்ள வேலி. மதிலுக்குப் பதில் பள்ளம் தோண்டிவிட்டால், வீட்டிலிருந்து பார்ப்பவருக்குத் தோட்டமும் மேய்ச்சல் நிலமும் ஒன்றாகத் தெரியும், மாடு மட்டும் உள்ளே வராது. வேலி இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. வில்லியம் ஷென்ஸ்டோன் தன் லீசோஸ் பண்ணையையே தோட்டமாக மாற்றி, நடைபாதை நெடுக இருக்கைகளும் கவிதை பொறித்த பலகைகளும் வைத்தார். செலவு அவரை நெருக்கியது. ஆக்ஸ்ஃபர்டுக்கு அருகில் நூனம் கோர்ட்னியில் ஹார்கோர்ட் பிரபு காட்சிக்கு இடைஞ்சலாக இருந்த கிராமத்தையே 1760களில் பெயர்த்துச் சாலையோரம் கொண்டுபோய் வைத்தார். ஆலிவர் கோல்ட்ஸ்மித் 1770இல் எழுதிய 'கைவிடப்பட்ட கிராமம்' இந்த ஊரை மனத்தில் கொண்டது என்று பலர் கருதுகிறார்கள். அதே நூனமில், 'ஆங்கிலத் தோட்டம்' என்ற நீண்ட கவிதையை எழுதிய வில்லியம் மேசன், அடுத்த பிரபுவுக்குப் பூந்தோட்டம் அமைத்துக் கொடுத்தார். ஒரே நிலத்தைப் பற்றி இரண்டு கவிஞர்கள். கோல்ட்ஸ்மித்தின் கவிதையே நின்றது.

வில்லியம் கூப்பரிடம் மரபு அமைதியாக ஒரு வீட்டுக் கொல்லைக்குத் திரும்புகிறது. பலமுறை மனம் பேதலித்து, தற்கொலைக்கு முயன்று, மனநல விடுதியில் இருந்து மீண்டவர். 1768 முதல் 1786 வரை ஓல்னி என்ற சிற்றூரில் வாழ்ந்தார். 1785இல் வந்த 'தி டாஸ்க்' காவியத்தின் மூன்றாம் புத்தகம் 'தோட்டம்'. கூட்டத்தை விட்டு அம்பு தைத்த மானாக ஒதுங்கினேன் என்று அதில் சொல்கிறவர், பிறகு வெள்ளரிக்காய் வளர்ப்பதை விரிவாக விளக்குகிறார். லாயத்துச் சாணத்தைக் குளிருக்கு மறைவாக, வெயில் படும் இடத்தில் குவிக்கவேண்டும். சூடேறி ஆவி கிளம்பும். அது தணியும்வரை பொறுக்கவேண்டும். மேலே கண்ணாடிச் சட்டம் வைத்து விதை போடவேண்டும். குளிர்காலத்தில் தேனீ வராது என்பதால் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் மனிதக் கைதான் சேர்க்கவேண்டும். இவ்வளவு பாடும் ஒரு வெள்ளரிப் பிஞ்சுக்காக. ஹொரேஸிலிருந்து வந்த பாக்கியவானின் கை முதல்முறையாக முழங்கை வரை அழுக்காகிறது. அந்த வேலைதான் கூப்பரை உயிரோடு வைத்திருந்தது என்பதால் சாணக் குவியல்கூடக் கவிதையில் கௌரவம் பெறுகிறது.

கடைசியாக வருபவர் ஜான் கிளேர். நார்த்தாம்டன்‌ஷயரில் ஹெல்ப்ஸ்டன் கிராமத்தில் கதிரடிக்கும் கூலியின் மகனாக 1793இல் பிறந்தவர். சிறுவயதில் பர்லி மாளிகையின் காய்கறித் தோட்டத்தில் கையாளாக இருந்தார், பிறகு வேலி போடும் கூலி வேலையும் செய்தார். 1809இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்று ஹெல்ப்ஸ்டன் பகுதியின் மேய்ச்சல் புறம்போக்கையும் திறந்த வயல்களையும் பங்கிட்டு வேலியடைக்க அனுமதி தந்தது. ஓடை நேராக்கப்பட்டது, பழைய மரங்கள் வெட்டுண்டன, ஊர்ப் பொதுவழிகள் அடைபட்டன. சுற்றித் திரிந்த வெளி எங்கே போயிற்று என்று கிளேர் எழுதிய கவிதைகளில் ஒதுங்கிப் போவதற்கு இடமே மிஞ்சவில்லை. 1820 ஜனவரியில் அவருடைய முதல் தொகுப்பு லண்டனில் வெளியாயிற்று, முகப்பில் அவர் பெயரோடு குடியானவர் என்றும் அச்சிட்டிருந்தார்கள். ஹெல்ப்ஸ்டன் நிலங்களைப் பங்கிட்ட இறுதி ஆவணமும் அதே 1820இல்தான் வெளிவந்தது.